தைராய்டு மாத்திரை இனி இல்லை

ஏனுங்க, குக்கரில் சோறு இருக்கிறது. ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சோளக்காடு சந்தையிலிருந்து மிளகு வியாபாரி வந்தால், காயாத மூட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

நேற்று நீங்கள் டீ குடிக்கப் போனபோது டாக்டர் சொன்னதை நான் முழுதாகச் சொல்லவில்லை. "உங்களுக்குத் தைராய்டு எப்பவுமே நார்மல்தாம்மா. இந்த மாத்திரையே தேவையில்லை, நெஞ்சு படபடப்புதான் மிச்சம். நிறுத்திடுங்க" என்றார். "அப்ப இந்த அசதியும் முடி கொட்டறதும் எதனாலங்க?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நார்மல் என்று மட்டும் நான் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். "இனி எந்திரிச்சு வேலையைப் பாரு" என்றீர்கள். நோய்க்கு ஒரு பெயர் இருந்தவரைதான் என்னை நம்பினீர்கள்.

மரவள்ளிக் காட்டுக்குக் களையெடுக்கப் போகிறேன்.
தேன்மொழி

சாப்பாட்டு நேரத்துக்குள் வராவிட்டால் தேடி வாருங்கள். எழ முடியாமல் வரப்பிலேயே படுத்திருப்பேன். அங்கே வந்து திட்ட வேண்டாம். கையைப் பிடித்துத் தூக்கிவிடுங்கள், போதும்.