ஷாம்பெயினுக்கு நாம் போட்ட மார்க்

அக்கா,

நேற்று நிஜமான ஷாம்பெயின் குடித்தேன். குடித்தேன் என்பது கொஞ்சம் ஓவர், நனைத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள். ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச் ஹாலில் பெரியப்பா மகனுக்கு ரிசப்ஷன். டோஸ்ட் சொல்லும் நேரத்தில் அவனுடைய துபாய் நண்பர் ஒருவர் பாட்டிலைத் திறக்க, மூடி பறந்துபோய் ஃபேனில் பட்டுக் கேக் பக்கமாக விழுந்தது. பெரியவர்களுக்குப் போக மிஞ்சிய நுரை என் டம்ளருக்கு வந்தது. மைக் பிடித்திருந்தவர் லேபிளைப் பார்த்து, நம் ப்ளான் த ப்ளானை "ப்ளாங்க் டீ ப்ளாங்க்ஸ்" என்று முழங்கினார். பிளாங்கெட் விற்க வந்தவரோ என்று நினைத்தேன். உன்னோடு சேர்ந்து சிரிப்பதற்காக இடப்பக்கம் திரும்பினேன். அங்கே இருந்தது யாரோ ஒரு மாமா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

புளிப்பு, அக்கா. மோரில் சோடா விட்ட மாதிரி. நாம் போட்ட மார்க் எதுவும் இனிமேல் செல்லாது.

ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் ஷாம்பெயினில் கரை கண்டவர்கள் நாம். நீ கேபின் க்ரூ ட்ரெயினிங்கில் சேர்ந்த புதிது. விமானத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பாட்டிலைக் காட்டி ஷாம்பெயின் வகையின் பெயரைச் சொல்ல வேண்டும், இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள் என்று லிங்கராஜபுரம் வீட்டுச் சமையலறையில் வினிகர் பாட்டிலைக் குழந்தை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு நிற்பாய். காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்திருக்கும் நான் பயணி.

"ப்ரூ, சார்?"

"ப்ரூட். ஃபோன்ல கேட்டுப் பாத்தேன். கடைசி டி உண்டு."

"அப்போ ப்ளான் த ப்ளான்ல மட்டும் எழுதற சி-ய ஏன்டா சொல்றதில்ல?"

"ஏர்லைன்ஸ் லக்கேஜ் மாதிரிக்கா. சிலது வரும், சிலது வராது."

தமி-செக் என்ற இனிப்பு வகையை நீ வேண்டுமென்றே தம்பி-செக் என்பாய். "இந்த செக் பவுன்ஸ் ஆயிடும் சார், வாங்காதீங்க." ஷாம்பெயின் என்பதே தப்பு, ஷாம்பாஞ் என்று சொல்ல வேண்டும் என்று கண்டுபிடித்தவள் நீதான். நம் வாயில் அந்தப் பெயரிலேயே பெயின் இருக்கிறது என்றேன். "அதான் ஃப்ரெஞ்சுக்காரன் எடுத்துட்டான்," என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டிலில் சோடாவை ஊற்றிக் குலுக்கி வைத்தேன். நீ மூடியைத் திருக, சர்ச் பூசைக்குக் கிளம்பி நின்ற அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்தது. திட்டு உனக்கு. நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்போதே உனக்கு ரகசியம் காக்க வரும் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இன்டர்வியூவில் தேறினாய். அதன் பிறகு மெடிக்கல். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள், பிறகு வேறு ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். தொடையில் இருந்த நீலத் திட்டுகள் ட்ரெயினிங்கில் ட்ராலி இடித்ததால் வந்தவை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார்.

வார்டில் முதல் மருந்து சிவப்பாக வந்து தொங்கியது. நீ சுவரைப் பார்த்துப் படுத்து அழுதுகொண்டிருந்தாய். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், சிவந்த ஷாம்பெயினின் பெயரான "ரோஸே" என்று எழுதி ஸ்டாண்டில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினேன். கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு குனிந்து, "மேடம், ரோஸே. ஷாம்பெயின் செய்யற ரான்ஸ் நகரத்திலேருந்து நேரா வந்திருக்கு," என்றேன்.

நீ திரும்பினாய். "ஊர் பேர மட்டும் கரெக்டா சொல்ற நாயே," என்றாய். சிரிப்பும் சளியுமாக.

நரம்பில் ஏறும் மருந்து நாக்கிலும் ருசிக்கும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணை மூடி, நாக்கைப் புரட்டி, பெரிய நிபுணர் தோரணையில் மார்க் போடுவாய். சிவப்பு, சைக்கிள் செயினை நக்கின மாதிரி, பத்துக்கு மூன்று. மஞ்சள், அதாவது ப்ளான் த ப்ளான், புது ரெயின்கோட் வாசனை, நான்கு. நான்குக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. வாந்தி வந்த நாட்களில் மைனஸும் உண்டு. நர்ஸம்மா உள்ளே வரும்போதே, "ஏனப்பா, இவத்து யாவ பாட்லு?" என்று கன்னடத்தில் கேட்பார், இன்று எந்தப் பாட்டில் என்று. ஒவ்வொரு மருந்தும் முடிந்ததும் குழாயைக் கழுவ உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். அதற்கு மட்டும் நாம் பெயர் வைக்கவில்லை. "இது க்ளாஸ் கழுவுற தண்ணி," என்பாய்.

எது பெஸ்ட் என்று நாம் சண்டைகூடப் போட்டோம். எனக்கு மஞ்சள். அது ஏறும்போது நீ கொஞ்சம் தூங்குவாய். உனக்குச் சிவப்பு. "கலர் இருக்குடா. கலர் இருந்தா வேலை செய்யும்."

வேலை செய்யவில்லை.

டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இனி மருந்து வேண்டாம், உடம்பு தாங்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம், நீர்ச்சத்துக்கு சலைன், அதே உப்புத் தண்ணீர், மட்டும் ஓடட்டும் என்றார். வெளியே வந்ததும் அம்மா படிக்கட்டு அருகே என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குத் தெரியக் கூடாதுடா. மருந்து ஏறுதுன்னே நினைக்கட்டும். நீ எப்பவும் போல விளையாடு. உன்ன நம்புவா."

என் விளையாட்டை அம்மா அதுவரை ஒருமுறைகூட நல்லது என்று சொன்னதில்லை.

நான் எழுதினேன். "எக்ஸ்ட்ரா ப்ரூட்." கையில் துண்டு, குனிவு, எல்லாம் செய்தேன். "மேடம், புது சரக்கு. ஃப்ரான்ஸ்ல எபெர்நே ஊர்ல ஸ்பெஷலா சொல்லி வரவழைச்சது."

அம்மா கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கண்ணை மூடினாய். நாக்கைப் புரட்டினாய். எப்போதையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டாய்.

"சக்கத்தா இருக்குடா," என்றாய். "பத்துக்குப் பத்து."

"நிஜமாவா கண்ணு?" என்றார் அம்மா.

"நிஜமாம்மா. உடம்பு லேசா இருக்கு."

எத்தனையோ நாளுக்குப் பிறகு தனக்குப் பசிக்கிறது என்று சொல்லி அம்மா கேன்டீனுக்கு இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் அடங்கும்வரை நீ காத்திருந்தாய்.

"டேய். க்ளாஸ் கழுவுற தண்ணிதான?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன் நான். டீச்சருக்கு, போலீஸுக்கு, ஃபாதருக்கு. அன்றோ ஸ்டாண்டில் இருந்த காகிதத்தைக் கழற்றப் போனேன்.

"அது இருக்கட்டும். நாளைக்கும் பேர் வை. நான் மார்க் போடறேன்," என்றாய். பிறகு, "அம்மாக்கிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்."

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு. நீ எழுந்து போகாத."

போகவில்லை. அடுத்த நாள் ஒரு பெயர், அதற்கடுத்த நாள் இன்னொன்று. எல்லாம் அதே தண்ணீர். அம்மா முன்னால் நீ பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டே இருந்தாய். ஒருநாள் குரல் வரவில்லை. பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாய்.

போன வாரம் ஹெப்பகோடி அத்தை வந்திருந்தார். அம்மா எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னார். "அவளுக்குக் கடைசி வரைக்கும் எதுவும் தெரியாது அண்ணி. குணமாயிடும்னு நம்பிக்கிட்டேதான் போனா. அது ஒண்ணுதான் எனக்கு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இல்லடா?"

பொய் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், மாட்டிக்கொள்வேன். உனக்குத் தெரியும். இப்போது வருவதில்லை.

"ஆமாம்மா. பத்துக்குப் பத்து போட்டுச்சு," என்றேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தைக்கு டீ போட எழுந்து போனார்.

சொல்லிடாதே என்றாய், சரி. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமலே போய்விட்டாய். அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது, அக்கா.