பன்னிரண்டாவது உதாரணம்

ஜனவரி 8

அன்புள்ளவருக்கு,

நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஹோட்டல் ஸ்டோர் ரூமில் மூட்டை தூக்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் குரல் உயர்ந்துவிடுகிறது. கடிதம் என்று முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. பதினோரு மாதமாகச் சீட்டைத் தொடவில்லை என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நம்புகிறேன். மாடி அறையை ஒழித்து, சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் வாருங்கள். நம் சின்ன மகள் வெளியே முறைத்துக்கொண்டாலும் உங்கள் போர்வையைத் துவைத்துப் போட்டது அவள்தான்.

இப்போது ஒரு வேலை. எங்கள் ஆங்கில வகுப்புக்குப் பாடப் புத்தகம் தயாரிக்கிறேன். ஒன்பதாவது பாடம் சூதாட்டம், அதிர்ஷ்டம், விழுந்து எழுவது பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள். மொத்தம் பன்னிரண்டு, பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். அர்த்தம் எனக்குத் தெரியும், ருசி தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்துக்கு நான் மாற்றிக்கொள்கிறேன். கற்பனை வேண்டாம், நடந்ததாக இருக்க வேண்டும். அதுதான் எங்கள் வகுப்பின் வழக்கம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 14

என் டீச்சரம்மாவுக்கு,

சீட்டாடியதற்காக நீ என்னைத் திட்டிய திட்டு எத்தனை! கடைசியில் பாடம் கேட்க என்னிடமே வந்துவிட்டாய் பார்த்தாயா? சிரித்துச் சிரித்து முதுகுவலி கூடிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பதினொன்றை எழுதி முடித்தேன். தனித்தாளில் இருக்கிறது. நல்லதாக இரண்டை மட்டும் இங்கேயும் சொல்கிறேன்.

சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது என்பார்கள். மனதில் உள்ளதை யாருக்கும் காட்டாமல் இருப்பது. உதாரணம்: ஒருவன் வேலை போனதை மூன்று வாரம் மனைவியிடம் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினான். அது உனக்குத் தெரிந்ததுதான்.

அடுத்தது, வந்தால் இரட்டிப்பு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. தோற்றவன்தான் இதைக் கேட்பான், ஜெயித்தவன் கேட்கவே மாட்டான். உதாரணம்: ஒருவன் கைக்கடிகாரத்தைத் தோற்றான். அதை மீட்க, பின் அறையில் பச்சை உறை போட்டு வைத்திருந்த தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தான். அரை மணி நேரத்தில் இரண்டும் போயின.

பன்னிரண்டாவது, தரையில் விழுந்த பந்து போலத் துள்ளி மேலே வருவது. அதற்கு மட்டும் உதாரணம் எழுதவில்லை. மாடி அறைக்கு வந்து நேரில் காட்டுகிறேன்.

உன்
ராசிக்காரன்


ஜனவரி 19

ராசிக்காரருக்கு,

அந்தப் பச்சை உறையைத் தைத்தவள் நான்.

மிஷின் திருடு போய்விட்டது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "பின்கதவு சாவி யாருகிட்ட இருக்கு? நல்லா யோசிச்சுப் பாரு" என்றீர்கள். யோசித்தேன். சாவி வீட்டு வேலைக்கு வந்த அக்காவிடம் இருந்தது. ஆறு வருடம் நம் வீட்டில் வேலை செய்தவரின் பையை வாசலில் வைத்துக் கொட்டிப் பார்த்தேன். ஒரு சீப்பும் மாத்திரை அட்டையும்தான் விழுந்தன. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதோடு விட்டேனா? தெருவில் அவர் வேலை செய்த மற்ற மூன்று வீட்டிலும் போய்ச் சொன்னேன். மூன்று வீட்டு வேலையும் அவருக்குப் போயிற்று.

இவ்வளவும் என்னிடம் சொன்னதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எதைச் சொன்னோம், எதை மறைத்தோம் என்பதே உங்களுக்குக் குழம்பிவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும்போது நேராக அக்கா வீட்டுக்குப் போங்கள். மிஷினை எடுத்தது நான்தான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு இங்கே வாருங்கள். கதவைத் திறக்கிறேன்.

வீட்டுக்காரி


ஜனவரி 25

அன்பானவளே,

தப்புதான். காலில் விழுகிறேன். கெட்ட நேரம் பிடித்து ஆட்டிய காலம் அது, அப்போது இருந்தவன் நானே இல்லை.

ஆனால் யோசித்துப் பார். ஆறிப்போன விஷயத்தை இப்போது கிளறினால் யாருக்கு லாபம்? அந்த அம்மாவும் இந்நேரம் வேறு வேலையில் சேர்ந்திருப்பாள். தெருவில் தலை காட்ட வேண்டியது நான் அல்லவா? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து நட என்றுதானே உன் பாடமும் சொல்கிறது? காற்று நம் பக்கம் திரும்பியிருக்கிற நேரத்தில் கெடுத்துக்கொள்ளாதே.

முப்பதாம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உன்
ராசிக்காரன்


ஜனவரி 27

உங்களுக்கு,

நேற்று நானே போனேன். அக்கா இப்போது ஒரு சலவை நிலையத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. என்னைப் பார்த்தும் மடிப்பதை நிறுத்தவில்லை. சொல்ல வந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியும்மா. சார் அதைத் தோள்ல தூக்கிட்டுப் போனப்ப நான் பின்பக்கம் துணி காயப் போட்டுட்டு இருந்தேன்" என்றார்.

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். உங்களை நம்புவதற்காக ஒரு நல்ல மனுஷியைத் திருடி ஆக்கியிருக்கிறேன். என்னை அவர் உட்காரச் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. "வேலை கிடக்குதும்மா" என்று அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டார். இனி அந்த மூன்று வீட்டுக்கும் நான் போக வேண்டும். போவேன். உங்கள் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

உங்கள் பதினொரு உதாரணங்களையும் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். பன்னிரண்டாவதற்கும் ஒன்று கிடைத்துவிட்டது: செய்யாத திருட்டுக்கு நான்கு வீட்டு வேலையை இழந்த ஒரு பெண், சலவை நிலையத்தில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் அங்கே ஒன்பது பேருக்கு மேற்பார்வையாளர் ஆனார். கிளம்பும்போது அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "பேர் போடாதீங்க" என்றார். பாடம் அச்சுக்குப் போய்விட்டது.

போர்வையைச் சின்னவள் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். மாடி சன்னலைச் சாத்திவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்