தரையில் போட்ட துளை

சால்மன், ஐடஹோ
செப்டம்பர் 1

அன்புள்ள ஆரின்,

இங்கே நலம். நீயும் உன் முதலாளியின் கோவேறு கழுதைகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கட்டிய மனைவியை விட்டுவிட்டு நீ போய் இத்தனை மாதத்தில் எனக்கு வந்த கடிதம் மூன்று. அதில் இரண்டு மழைக்கோட்டு கேட்டு.

கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும். எல்க் மான் வேட்டைக்கு எனக்கு இந்த வருஷம் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழுந்துவிட்டது. அதுவும் நம் பழைய மலைக்கே. எத்தனை வருஷமாக எழுதிப் போட்டேன் என்று உனக்கே தெரியும். அக்டோபர் பதினைந்து விடியும்போது மேலே முகாமில் இருக்க வேண்டும். நேற்று, மலையில் நாம் படுக்கிற அந்தக் கேம்பரைத் திறந்து ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். முக்கி முனகிவிட்டு அடங்கிவிட்டது. கடைக்காரர் வந்து பார்த்து, "இதுக்கு ரிப்பேர் பண்றது தண்டம், புதுசு வாங்குங்க" என்றார்.

பழையபடி கேஸ் ஹீட்டரே வாங்கவா, இல்லை இப்போது எல்லோரும் மாட்டுகிறார்களே, அந்த டீசல் ஹீட்டரா? வேறு எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு எழுது.

உன்,
மார்வா


ஆற்றங்கரைப் பண்ணை
செப்டம்பர் 4

அன்புள்ள மார்வா,

இன்று கெண்ட் தபால் விமானத்தை இறக்கிப் பையைத் தூக்கிப் போட்டதும் மேலாகவே உன் கையெழுத்து. கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டக்கூட மறந்துவிட்டேன்.

டீசலே வாங்கு. கேஸ் ஹீட்டரின் விசிறி விடிய விடிய ஓடி பாட்டரியை உறிஞ்சிவிடும். அந்தக் குளிரில் சிலிண்டரும் தாங்காது. டீசல் ஹீட்டர் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். சின்னதாக வாங்கு. கடைக்காரன் பெரிசை உன் தலையில் கட்டப் பார்ப்பான், மசியாதே. பிக்கப் வண்டியின் முதுகில் உட்காருகிற பெட்டி நம்முடையது, மாளிகையா என்ன. பெரிய ஹீட்டரை எந்நேரமும் தணித்தே வைத்தால் உள்ளே கரி பிடித்துவிடும்.

வாங்கி வீட்டில் வை. பிரிக்காதே. நவம்பரில் பண்ணை வேலை முடிந்ததும் நானே வந்து மாட்டுகிறேன். மான் எங்கேயும் ஓடிவிடாது.

ஒன்று கேட்க வேண்டும். "எல்லோரும் மாட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த எல்லோரும் யார்? இந்த விஷயமெல்லாம் உனக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

உன்,
ஆரின்


சால்மன்
செப்டம்பர் 15

அன்புள்ள ஆரின்,

மான் ஓடாதுதான். சீட்டு ஓடிவிடுமே. நவம்பரில் அது செல்லாது என்று உனக்குத் தெரியாதா?

சின்ன ஹீட்டர்தான் வாங்கினேன், நீ சொன்னபடியே. பக்கத்து வீட்டு டெல்மர் மாட்டித் தருகிறார். மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் பாதி வேன்களுக்கு ஹீட்டர் மாட்டியது அவர்தான். கேம்பரை நாலு ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு வண்டியை வெளியே எடுத்துவிட்டோம். தினமும் சாயங்காலம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார். கூலி வேண்டாம் என்கிறார். "ஹக்கிள்பெரி பழம் போட்டுச் சுடுவீங்களே, அந்த அப்பம் ஒரு துண்டு குடுங்க, போதும்" என்கிறார். கொடுக்கிறேன்.

நீ கேட்ட எல்லோரும் என்பது இந்த ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும்தான். போதுமா?

உன்,
மார்வா


ஆற்றங்கரைப் பண்ணை
செப்டம்பர் 18

மார்வா,

எனக்கு வயிறு எரிகிறது. ஒளிப்பானேன்.

ஒரு ஹீட்டர் மாட்ட ஒருவனுக்கு எத்தனை சாயங்காலம் வேண்டும்? நான் என்றால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பேன். கேம்பருக்குள் அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த அப்பத்தைத் தின்றான்? ஜன்னல் பக்கமா? அது என் இடம். எனக்கு ஒரு துண்டு அனுப்ப விமானத்தில் இடமில்லை, அவனுக்கு மட்டும் தினம் தினம் விருந்து. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறாய் அல்லவா?

வயரைச் சரியாக முடிய அவனுக்குத் தெரியாது, அவன் குதிரை டிரெய்லரின் விளக்கைப் பார்த்தாலே தெரியும். டீசல் பம்ப்பை ரப்பர் வைக்காமல் மாட்டியிருப்பான், இரவெல்லாம் டக் டக் என்று உன் காதில் அடிக்கும். வேனும் கேம்பரும் ஒன்றா? கூலி வேண்டாம் என்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆரின்


சால்மன்
செப்டம்பர் 29

ஆரின்,

பம்ப்புக்கு ரப்பர் வைத்திருக்கிறார். டக் டக் கேட்கவில்லை. வயரெல்லாம் குழாய்க்குள் ஒழுங்காகப் போகிறது.

வேலை முடிந்தது. மேசைக்கு அடியில், கால் படாத இடத்தில் ஹீட்டர். அதற்கு நேர் கீழே தரையில் ஒரே ஒரு துளை, புகைக்குழாய் அதன் வழியாகக் கீழே இறங்குகிறது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. நேற்று முற்றத்தில் ஜாக்கி மேலேயே வைத்து மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்தோம். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மார்ச் மாதம் ஊர் மண்டபத்தில் பள்ளிக்கூட வாத்தியாரோடு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினேன். அதற்கு மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குள் போனவன் நீ. அதற்கு முன்னால் பால்காரர், அதற்கு முன்னால் என் சொந்தப் பெரியப்பா மகன். உன் பொறாமைக்கு ஆள் மாறுகிறதே தவிர அது மாறவில்லை. டெல்மரைக் குறை சொல்லி இன்னொரு கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். சத்தியம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். "நானும் கூட வரட்டுமா? விறகு வெட்ட, கறி சுமக்க ஒரு ஆளாச்சு" என்று டெல்மர் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதினோராம் தேதி கேம்பரை வண்டியில் ஏற்றி, மறுநாள் கிளம்புகிறேன்.

மார்வா


ஆற்றங்கரைப் பண்ணை
அக்டோபர் 9

மார்வா,

போன வாரம் மேகம் மூடி விமானம் இறங்கவில்லை. உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. கெண்ட் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறான், அவன் விமானத்தின் இறக்கை மேல் வைத்து எழுதுகிறேன். அடுப்பில் போடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கடைசி வரை படி.

அந்தத் துளை தரையில் இருக்கக் கூடாது. ஜாக்கி மேல் நிற்கும்போது கேம்பருக்குக் கீழே வெறும் காற்று, புகை போய்விடும். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிக்கப்பில் ஏற்றினால் கேம்பருக்குக் கீழே வண்டித் தொட்டி. நாலு பக்கமும் தகரம். புகை அதற்குள்ளேயே தேங்கி, வந்த வழியாகவே மேலே ஏறும், நீ படுத்திருக்கும் இடத்துக்கு. அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்கினால் எழுந்திருக்க மாட்டாய். விஷவாயு அலாரம் இருக்கிறது என்று நம்பாதே. பன்றி இறைச்சி பொரிக்கும்போதெல்லாம் அலறுகிறதென்று நான் அதைக் கழற்றி எறிந்து இரண்டு வருஷமாகிறது.

இது பொறாமை இல்லை, மார்வா. நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், எனக்குத் தெரியும். இத்தனை நாள் நான் எழுதியது அப்படி. அதனால் என்னை நம்ப வேண்டாம். கடிதத்தை டெல்மரிடம் கொடு. அவர் நல்ல வேலைக்காரர். வேனுக்குக் கீழே ரோடு, அந்தப் பழக்கத்தில் துளை போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். துளையை அடைத்து, புகைக்குழாயைப் பக்கச் சுவர் வழியாக வெளியே விடச் சொல். சுவரில் கீறல் விழுந்தால் விழட்டும். புது அலாரம் வாங்கு.

அவர் கூட வரட்டும். வருவது நல்லது. தனியாகப் போகாதே. எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மனதாரச் சொல்கிறேன்.

நானே வந்திருப்பேன். கழுதைகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. கெண்ட் கத்துகிறான்.

ஆரின்


சால்மன்
அக்டோபர் 11

அன்புள்ள ஆரின்,

கெண்ட் உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் போடாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான் கையால்கூடத் தொடவில்லை. "நீங்க இதப் படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தப் படிய விட்டு எறங்க மாட்டேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டான். வேறு வழியில்லாமல் பிரித்தேன். பாதி வரை இதுவும் உன் பழைய பாட்டுதான் என்று நினைத்தேன். டெல்மரை நல்ல வேலைக்காரர் என்று நீ எழுதியிருந்த வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவரை நீ அப்படி எழுத வேண்டுமானால் விஷயம் உயிர் போகிற விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

டெல்மரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்கள கொன்னுருப்பேன், மார்வா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே துளையை அடைத்து, புகைக்குழாயைப் பக்கச் சுவர் வழியாக எடுத்துவிட்டார். புது அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டியாகிவிட்டது. இன்று வண்டியில் ஏற்றி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், துளிச் சூடோ புகையோ இல்லை. என் உயிரைக் காப்பாற்றினாய். சாகும் வரை மறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. கெண்ட் வாசலில் நின்றபோது அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நீயும் வந்திருக்கிறாய் என்றே நினைத்தேன். விமானத்தில் அன்றைக்கு ஒரு சீட் காலியாம், கேட்டேன். கழுதைகளுக்கு ஒரு வாரத்துக்கு வைக்கோலைப் போட்டுவிட்டு ஏறியிருக்கலாம். நான் செத்துவிடுவேன் என்று தெரிந்த அன்றைக்கும் நீ கடிதத்தைத்தான் அனுப்பினாய். எங்கே உட்கார்ந்தான், எதைத் தின்றான் என்று கேட்டாயே, நீ வந்து உட்கார்ந்திருக்கலாமே. நான் ஹீட்டரைப் பற்றிக் கேட்டு எழுதியதே அதற்காகத்தான். கடைக்காரருக்குத் தெரியாததையா உன்னிடம் கேட்டேன்?

சாயங்காலம் டெல்மர் மறுபடி கேட்டார், கூட வரட்டுமா என்று. இவ்வளவு நாள் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் புகையைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் உண்மையாக இருந்தது. ஆட்சேபம் இல்லை, மனதாரச் சொல்கிறேன் என்று எழுதியதையும் நம்பிவிட்டேன். வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் கிளம்புகிறோம்.

மார்வா