ஓரத்து மூடிகள்

தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடை வாசலில் காலி முட்டை அட்டைகள் மழையில் ஊறிக் கிடந்தன. அந்த ஈர வாடை. நீ செத்த பிறகு இன்றுதான் உன்னோடு பேசத் தோன்றுகிறது.

நம் ஆய்வு அறைத் தரையில் அப்படி நாலைந்து அட்டைகளைச் சேர்த்துப் போட்டு, குழிக்கொரு சோடா மூடி வைப்பாய். மூடி நிமிர்ந்திருக்கும், இல்லை கவிழ்ந்திருக்கும். நம் கணக்குப்படி, பக்கத்து மூடியைப் போலவே கிடக்கப் பார்க்கும். சூடு ஏறினால் இஷ்டத்துக்குப் புரளும். ஓரத்து மூடிகளை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த ஓரத்தை முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போனால் நடு மூடிக்கு அது தெரியுமா? இதுதான் கேள்வி.

கணினியில் ஓட்டிப் பார்த்து, தெரியாது என்று எழுதி நம் வழிகாட்டி முன்பே பெயர் வாங்கியிருந்தார். எந்தச் சூட்டிலும், ஓரம் எப்படிக் கிடந்தாலும், ஒரே ஒரு நிகழ்தகவு அளவைதான் என்றார்.

கருத்தரங்கில் நீ எழுந்தாய். "சார், கணினியில இடது ஓரத்தை வலது ஓரத்தோட ஒட்டீட்டீங்க. ஓரமே இல்லாத வலையில பாத்துப்போட்டு, ஓரத்துக்கு வேலை இல்லைன்னா எப்படிங்க?"

சிரிப்பு. அவரும் சிரித்தார். "மாநில எல்லையில இருக்கற கௌதள்ளிக்காரி எல்லையைத் தவிர வேற என்னம்மா பாப்பே? சாக்கு, கூத்கோ." போதும், உட்கார் என்று கன்னடத்தில்.

நீ உட்காரவில்லை. கவிழ்ந்த மூடிகளைச் சுற்றிப் பலகையில் வேலி வரைந்தாய். வேலி நீள நீள அது உண்டாகும் வாய்ப்பு குறைகிறது. சூடு தணிந்தால், நடு மூடி வேலிக்குள் சிக்குவது அரிது. ஓரம் நிமிர்ந்தால் நடுவும் நிமிர்கிறது. கவிழ்ந்தால் கவிழ்கிறது. அளவை ஒன்றல்ல.

யாரும் சிரிக்கவில்லை. "எழுதிக் குடு, பாக்கறேன்" என்றார். கொடுத்தாய். பார்த்துக்கொண்டே இருந்தார். "அவசரமில்ல புள்ள, சரியானது எங்க போயிரும்?" என்பாய் என்னிடம்.

போயிற்று. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பின், அவருடைய திருத்தக் கட்டுரை வந்தது. வேலி, கணக்கு, எல்லாம் உன்னுடையவை. கடைசியில் பொடி எழுத்தில், மறைந்த மாணவி எழுப்பிய ஐயத்துக்கு நன்றி. ஐயமாம்.

போன் செய்தேன். "அது அவளோட நிரூபணம், சார்."

"அவ இல்லையேம்மா. பேரைப் போட்டா, சம்மதக் கையெழுத்து யார் போடுவா?"

இப்போது வேறு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இந்த நிரூபணம் வரும்போது, முதல் வரிக்கு மேலே உன் பெயரை இனிஷியலோடு எழுதுகிறேன். போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "இவங்க எழுதினது எதுல இருக்கு, மேடம்?"

"எதுலயும் இல்ல. எழுதிக்கோ."