விடு, பொறு

மச்சான்,

ஐப்பசி மழை இந்த முறை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கொல்லைப்புறக் கூரை ஒழுகுகிறதே என்று பரண்மேல் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். விரித்ததும் வீடு முழுக்க நம் வண்டியின் வாடை. பெட்ரோலும் கொட்டைப்பாக்கும் ஈரக் கயிறும் சேர்ந்த வாடை. "இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?" என்று என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரை பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எந்த விலாசத்துக்கு என்று கேட்டுக் கிண்டல் செய்யாதே. அப்படிக் கேட்க நீ இருந்திருந்தால் எழுதவே வேண்டியிருக்காது.

வண்டியை விற்றாயிற்று. வாங்கியவனிடம் தார்ப்பாயை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். ஓட்டை விழுந்ததுதானே என்று விட்டுக்கொடுத்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

சைகோனிலிருந்து நீ திரும்பி வந்த அன்று நானும் உன் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். உன் மாமனாரின் தம்பி அங்கே கடை வைத்திருந்தார். அவருடைய சரக்கு லாரியைத்தான் நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். நீ கப்பல் ஏறிய பிறகு பிறந்த பெண் உன்னை அன்றுதான் பார்க்கிறாள். பார்த்தவள் வீறிட்டு அழுதபடி உள்ளே ஓடிவிட்டாள். நீ கொண்டுவந்த பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "எம் புள்ள என்னையப் பாத்து யாருன்னு கேக்குது மச்சான். போதும். இனிமே நான் கப்பல் ஏற மாட்டேன். இங்கனயே ஒரு கமியோன் போடுவோம்."

லாரியை நீ கடைசிவரை கமியோன் என்றுதான் சொன்னாய். போடுவோம் என்று என்னையும் சேர்த்துச் சொன்னதுதான் வேடிக்கை. நான் துறைமுகப் பக்கத்துக் கிடங்கில் குமாஸ்தா. சைக்கிளிலிருந்து விழாமல் இறங்கத் தெரியாதவன். தருமபுரத்துக்காரன் மூளை கெட்டுப்போய்விட்டான் என்று ஊரே என்னைச் சொல்ல, வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. நீ கூப்பிட்டாய், வந்தேன். அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் மராமத்து இலாகா ஏலம் விட்ட வண்டி அது. சின்ன வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். நாம் போகும் ரோட்டில் வண்டிகளும் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும். முன்னால் ஒரு பாரவண்டி போனால் அதைத் தாண்ட முடியாது. எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அதனால் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. நான் வலப்பக்கம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். ரோடு காலியாக இருந்தால் "விடு" என்பேன். எதிரே ஏதாவது வந்தால் "பொறு" என்பேன்.

ஆரம்பத்தில் எனக்கு உதறல். தூரத்தில் ஒரு நாய் வந்தால்கூடப் பொறு என்று கத்துவேன். நீயும் அப்படியே பிரேக்கை மிதிப்பாய். "நாயின்னு சொல்லக் கூடாதா? நான் என்னமோ ரயிலு வருதுன்னு நெனச்சேன்" என்று சிரிப்பாய். ஆனால் ஒரு தடவைகூட என் சொல்லை மீறி நீ வண்டியை விட்டதில்லை. போலகம் திருப்பத்தில் உன் பக்கம் ரோடு காலியாகத் தெரிந்த நேரங்களிலும், நான் பொறு என்றால் பொறுத்தாய். வேறு டிரைவராக இருந்தால் என் பேச்சையா கேட்பான்? "ஒன் வாயிதான் மச்சான் எனக்குக் கண்ணு" என்று நீ யாரிடமும் வெட்கப்படாமல் சொல்வாய்.

அப்போது வாஞ்சூரில் எல்லை; இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஊர், அந்தப் பக்கம் இந்தியா. நாகூர் போகிறவர்கள் இந்தியாவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய காலம். துவான் என்று நாம் சொன்ன சுங்கச் சாவடி ரோட்டுக்கு வலப்பக்கம் இருந்தது. குறுக்கே ஒரு மரக்கம்பு. கம்புக்கு முன்னால் வண்டியை நிறுத்துவாய். இடப்பக்கம் இறங்கி, வண்டிக்கு முன்னால் சுற்றி, கையில் காகிதங்களோடு ரோட்டைத் தாண்டிச் சாவடிக்குள் போவாய். சாவடிக்காரர்கள் வந்து மூட்டைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். பார்க்கக் கேட்கும் சரக்கு எது என்று முன்பே ஊகித்து, அதைப் பின்கதவுப் பக்கமாக ஏற்றியிருப்பாய். மற்றவர்கள் பாதி வண்டியை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும்போது நாம் நாகூர் தாண்டியிருப்போம். நம் பிழைப்பு அந்தக் கம்பால்தான் ஓடியது. அன்று அது நமக்குத் தெரியவில்லை.

கொடி மாறிய வருஷம் அந்தக் கம்பை எடுத்துவிட்டார்கள். சாவடியைப் பூட்டினார்கள். ஊரெல்லாம் மிட்டாய். நீயும் ஒரு கை அள்ளி என் வாயில் திணித்தாய். "இனிமே ஒரே ஓட்டம் மச்சான்! நிக்கிற வேலையே கெடையாது" என்றாய். நம் வண்டிக்கு ரோடு திறந்துவிட்டது என்று நினைத்தோம். எல்லார் வண்டிக்கும்தான் திறந்தது. கும்பகோணத்துப் பெரிய லாரிகள் நேரே நம் கடைத்தெருவுக்கு வந்து நின்றன. பிரெஞ்சுத் துறைமுகம் என்பதற்காக வந்த சரக்கு நின்றுபோனது. கிடங்குகளில் ஒவ்வொன்றாகப் பூட்டுத் தொங்கியது. அரசலாற்றுக் கரையில் நம் வண்டிக்கு அடியில் ஆடுகள் படுத்துத் தூங்கின. நீ தினமும் போய் அவற்றைத் துரத்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வருவாய்.

அபூர்வமாக ஒரு லோடு கிடைத்து வாஞ்சூர் வழியே போனால் வேறொரு கூத்து. கம்பு இல்லாத இடத்தில் நீ வண்டியை நிறுத்துவாய். "என்னடா?" என்பேன். "நின்னுட்டு மச்சான். கால் தானா நின்னுட்டு. கம்பத் தூக்கிட்டானுவோ, ஆனா எங் காலுக்குள்ள இன்னும் கெடக்கே!" அப்புறம் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பூட்டிய சாவடிக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுக் கிளம்புவாய். ஒரு தரம் இறங்கியே போய்விட்டாய். பாதி ரோட்டில் நினைவு வந்து, தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாய்.

அதற்குள் சைகோனிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாயிற்று. கடைக்காரருக்கு வயதாகிவிட்டது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். உன் மாமனாரும் நெருக்கினார். உன் பெண்ணோ அப்போதுதான் உன்னை வாப்பா என்று கூப்பிட்டு, உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தாள். வண்டியின் பக்கத்துப் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "இது ஓடலேன்னா நான் போயித்தான் ஆவணும் மச்சான். போனா, திரும்பி வர்றப்ப எம் புள்ள என்னைய மறுபடியும் யாருன்னு கேக்கும்." உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

குரும்பகரத்து அரிசி ஆலைக்காரர் ஒரு வழி காட்டினார். நாகப்பட்டினத்துக்கு ஒரு லோடு. படகு கிளம்புவதற்குள் சேர்த்துவிட்டால் இனி ஆலைச் சரக்கு முழுதும் நமக்கு. அன்று காலை நீ மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். உன் பெண் வாசலில் நின்று, "வாப்பா, சாயந்தரம் வந்துடுவியா?" என்று கேட்டாள். "இனிமே தெனமும் சாயந்தரம் வந்துடுவேன்டி என் ராசாத்தி" என்றாய். மூட்டைகள் எல்லாம் ஒரே அரிசி; அதிலும் நல்ல மூட்டையாகப் பார்த்துப் பின்கதவுப் பக்கம் ஏற்றினாய். யாருக்குக் காட்டப் போகிறாய் என்று கேலி செய்தேன்.

வாஞ்சூரில் நின்றாய். நான் சிரிக்க வாயெடுப்பதற்குள் ஆலைக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய். என்றைக்கும் போல வண்டிக்கு முன்னால் சுற்றினாய். பின்னால் ஹாரன் கேட்டது. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். வெளியூர் பஸ் ஒன்று நம் வண்டியைத் தாண்ட வலப்பக்கமாக ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவருக்கு வாஞ்சூரில் ஒரு காலத்தில் கம்பு இருந்ததே தெரியாது. நம் வண்டிக்கு முன்னாலிருந்து ஒரு மனிதன் ரோட்டுக்கு வருவான் என்று அவன் எப்படி நினைப்பான்? நீ அதற்குள் ரோட்டில் கால் வைத்துவிட்டாய், வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தாய். நான் கத்தினேன்.

"பொறு!"

நீ நின்றாய். நடுரோட்டில், அந்த இடத்திலேயே, பிரேக் போட்ட மாதிரி நின்றாய். என் பக்கம் திரும்பினாய். காகிதத்தைப் பார்த்தாய், பூட்டிய சாவடியைப் பார்த்தாய், அசட்டுத்தனம் புரிந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

ஓடு என்று கத்தியிருக்கலாம். ஒன்றும் கத்தாமலே இருந்திருக்கலாம். என் வாயில் இருந்தவை இரண்டே சொற்கள். அதில் ஒன்று வந்தது. இரண்டு எட்டு வைத்திருந்தால் நீ அந்தப் பக்கம் போயிருப்பாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என்னைக் குற்றம் சொல்ல அல்ல. அவர்களுக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். ஆலைக்காரர் நல்ல மனிதர். உன் ஜனாஸாவுக்கு வந்து ஓரமாக நின்று அழுதார். அரிசி வேறு லாரியில் ஏறிப் படகு கிளம்பும் முன்பே சேர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ போன அன்றும் எதுவும் நிற்கவில்லை, மச்சான்.

உன் மனைவி இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து உன் மனைவி கேட்டார்: "கடைசியா என்ன சொன்னாக, அண்ணே?" நீ ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாய் என்றேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை. "நான்தான் பொறுன்னு கத்துனேம்மா. அதான் நின்னுட்டான்" என்றேன். பிறகு குரல் வந்தது. "நீங்க சொன்னா நிப்பாக. எங்கிட்டயும் சொல்லிருக்காக." அவர் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் பிழைத்திருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

இப்போது நான் மறுபடியும் குமாஸ்தா, ஒரு கடையில். பஸ்ஸில் வாஞ்சூரைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். இருந்தும் தெரிந்துவிடுகிறது. வீட்டில், கடையில், யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. இரு என்பேன், நில் என்பேன், கையைக் காட்டுவேன். என் மனைவிக்குக்கூட ஏன் என்று தெரியாது. உன்னைப் போல என் வாயை நம்பியவர் வேறு யாரும் இல்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்ட நேரம், கடைத்தெருவில் உன் பெண்ணைப் பார்த்தேன். வளர்ந்துவிட்டாள். நெற்றி அப்படியே உன்னுடையது. எதிர்ச்சாரியில் என்னைப் பார்த்தவுடன் "மாமா!" என்று சிரித்துக்கொண்டே ரோட்டில் இறங்கினாள். அந்தப் பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. செருப்பு கழன்று விழ, ஓடிப் போய் அவளைத் தூக்கி ஓரத்தில் விட்டேன். அவள் கையிலிருந்த சிலேட்டு விழுந்து உடைந்தது. அவள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மாமா இப்படி ஓடி வந்தீங்க? பொறுன்னு ஒரு சத்தம் குடுத்தா நின்னுருப்பேன்ல?"

நின்றிருப்பாள். உன் பெண் அல்லவா.