ஆறாம் நம்பர் அறையில் நம் வீடு

பிஸ்மில்லாஹ்
விருதுநகர்,
ஆகஸ்ட் 12

அன்பு மகள் அப்ரினுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சளி விட்டதா? கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து இரண்டு வேளை சாப்பிடு. பரோடாவில் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள்.

உங்கள் கலைக் கண்காட்சிப் போட்டோ அனுப்பவில்லை என்று கோபப்படாதே. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்குள் யாருடைய போனையும் விடுவதில்லை. கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு செருப்பையும் கழற்றச் சொல்கிறார்கள். அதனால்தான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். சீசன் நேரமாக இருந்தும் முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் உங்களுக்கு ஆறு அறைகள் ஒதுக்கியிருக்கிறார். அடுத்த வரிசையில் பெண்கள் எப்போதும்போல வேலை பார்க்கிறார்கள். வருகிறவர்கள் பெயரை எழுதும் நோட்டை உன் சிநேகிதி பிரீத்தி என்னிடம் தந்துவிட்டாள். நேற்றுவரை இருநூற்றுப் பதினாறு பேர், ஒரு பெயர் விடவில்லை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. கலை பார்க்க வந்தவர்களுக்கும் அதே சட்டம்தான்.

நேற்று உன் ஆறாம் நம்பர் அறையில் ஒரு கூத்து நடந்தது. நீ வரைந்து அனுப்பியபடி நம் வீட்டின் சுவர்களை வெடிக்கான காகிதக் குழாய்களால் தரையில் பரப்பி வைத்திருந்தாள் பிரீத்தி. காலையில் முதலில் வேலைக்கு வந்த பாலம்மாள், யாரோ குழாயை இறைத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, அத்தனையையும் கட்டுக் கட்டாகக் கட்டி மூலையில் அடுக்கிவிட்டாள். பிரீத்தி அழாத குறை. பாலம்மாளுக்கோ ரோஷம். "சரக்கை இப்படியா போட்டு வப்பீக? நல்லது செஞ்சா மூஞ்சியத் தூக்குறீக" என்றாள்.

உன் வரைபடம் பிரீத்தியின் போனில், போன் கேட்டில். அவள் ஓடப் பார்த்தபோதுதான் குழாய் லோடு இறக்க உன் அத்தா வந்தார்கள். கண்காட்சிப் பக்கமே வரமாட்டேன் என்றவர்கள், வியாபாரத்துக்காக வந்தார்கள். நிச்சயத்தை உதறிவிட்டு நீ படிக்கப் போன மூன்று வருஷத்தில் உன் பேச்சை எடுத்ததே இல்லை, உனக்குத் தெரியாததா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்கு எதுக்கும்மா படம்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், அந்த முட்டிவலியோடு.

பாலம்மாள் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கொடுக்க, அத்தா சாண் போட்டு அளந்து வைத்தார்கள். முன்னறை, மாடிப்படி, தொழுகைப் பாய் விரிக்கும் மூலை, நீ படிக்கும் ஜன்னல். அடுப்படியை மட்டும் பாதியாக்கிவிட்டார்கள். எட்டிப் பார்த்திருந்தால்தானே அளவு தெரியும்! அவர்கள், பிரீத்தி, பாலம்மாள், நான் என்று அறைக்கு நாலு பேர் சரியாக இருந்தோம். நீ வந்திருந்தால் நான் வெளியே நின்றுகொண்டிருப்பேன்.

அத்தா குனிந்த தலை நிமிராமல், "அந்தப் புள்ள அங்கன என்ன சாப்பிடுது?" என்று பிரீத்தியிடம் கேட்டார்கள். மெஸ்ஸில் சப்பாத்தி என்றாள். மிச்சக் குழாயையும் அளந்து வைத்தார்கள். முடித்துவிட்டு லோடு இறக்கப் போய்விட்டார்கள்.

பிரீத்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். அப்ரின் வரைந்ததில் வாசலே கிடையாது, நாலு பக்கமும் அடைத்த சுவர்தான், அங்கிள் முன்பக்கம் இரண்டடி விட்டுவிட்டார், அடைத்துவிடட்டுமா என்று கேட்டாள். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் கலைக்கு அது பிழை என்றால் பொறுத்துக்கொள் மகளே.

இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிகிறது. திங்கட்கிழமை அந்தக் குழாய்கள் வெடிமருந்து அடைக்கப் போய்விடும். அதற்குள் லீவு கிடைக்கிறதோ இல்லையோ, எப்போது வந்தாலும் முன்கூட்டிச் சொல்லாதே. அத்தாவிடம் நானும் கேட்டு வைக்க மாட்டேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் வாய் சொல்லும். நீ நேரே வந்து நில்.

உன் பிரயாணத்தை அல்லாஹ் லேசாக்குவானாக.

ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்தும்
உன் அம்மா,
மெகருன்னிசா