கைதி சௌரிராஜனின் திதி

12-8-57
அப்பாவுக்கு மறுபடி மூச்சு வாங்கியது. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனதும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உன் தாத்தா காசிக்குப் போகலைடா. ஜெயிலுக்குப் போனார். அங்கேயே போயிட்டார்."

நாற்பத்திரண்டு வருஷமாகக் காசிக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆபீஸில் வேறு பெருமையாக அளந்திருக்கிறேன். இறந்த நாள் தெரியாததால்தான் தாத்தாவின் சிராத்தத்தை ஏதோ ஓர் அமாவாசையில் பண்ணிவருகிறோம். "நான் கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவையாவது சரியான திதியில பண்ணணும். தேடிப் பாரு" என்றார். என்ன குற்றம் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

13-8-57
வத்ஸலாவிடம் சொன்னேன். "ஜெயிலுக்குப் போனா தாத்தா இல்லேன்னு ஆயிடுமா? போய்ப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் காபியை வைத்தாள். அவ்வளவுதான். இவள் இப்படி இருப்பதால்தான் நான் ஒரு காரியத்தையாவது முடிக்கிறேன்.

22-8-57
திருச்சி கோர்ட் ரெக்கார்டு ரூமுக்கு நாலாவது நடை. வருஷமும் தெரியாமல் வந்து நிற்கிறவனை வேறு யாராவது விரட்டியிருப்பார்கள். அங்கே இருக்கும் பரக்கத் அலி தானே ஏணியில் ஏறிக் கட்டுகளை இறக்குகிறார். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்றேன்.

"எங்க அத்தா பேரு எழுதின காயிதம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லீங்க. உங்களுக்காவது கிடைக்கட்டும்."

5-9-57
கிடைத்தது. 1888. கட்டைப் பிரித்ததும் என் பேரே என்னைப் பார்த்தது. குற்றவாளி, சௌரிராஜன். மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரை வைப்பது வழக்கம்தான். ஆனாலும் விஷயம் தெரிந்திருந்தும் அப்பா எனக்கு அதை வைத்திருக்கிறாரே!

பொய் வழக்காக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் படித்தேன். இல்லை. அடுத்த வீட்டு அப்பலாசாரியின் மனைவியுடைய ஒட்டியாணத்தைத் திருடினான், மாட்டுக் கொட்டிலில் புதைத்தான், தானே தோண்டிக் காட்டி ஒப்புக்கொண்டான். எல்லாம் மரியாதை இல்லாமல் 'னான்' 'டான்' தான். இரண்டு வருஷத் தண்டனை.

அந்த வீட்டோடு எங்களுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள்தான் ஏதோ கெடுதல் பண்ணிவிட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்ன ஜன்மம் நாங்கள்? திருடினதும் நாங்க, கோச்சுண்டதும் நாங்களா?

6-9-57
ஆபீஸில் மானேஜர் "சௌரிராஜன்" என்று கூப்பிட்டார். தூக்கிவாரிப் போட்டது.

3-10-57
ஜெயில் ஆபீஸில் அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் பரக்கத் அலி, தனக்குத் தெரிந்த சின்னையா என்ற குமாஸ்தாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததால்தான். சின்னையா பதிவேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். ஜுரம். 27 நவம்பர் 1889, நடுப்பகல். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயசு.

அதே வரியின் கடைசியில், பிரேதத்தைப் பெற்றுக்கொண்டவர்: அப்பலாசாரி.

மூன்று தடவை படித்தேன். "தண்ணி குடிங்க சார்" என்றார் சின்னையா.

4-10-57
எங்கள் வீட்டுப் புரோகிதம் பண்ணும் வாத்தியார் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார். கார்த்திகை, வளர்பிறைப் பஞ்சமி. இந்த வருஷம் நவம்பர் 26. அதுவரை அப்பா இருக்க வேண்டும் பெருமாளே.

6-10-57
அப்பலாசாரியின் பேரன் திருநாராயணன், ஸ்கூலில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். அவர் வீட்டுக்குள் முதல் தடவையாகப் போனேன். அவர் எதுவும் கேட்காமல் பாயைப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாட்டி சொல்லுவா. ஒரு நாள் எங்க தாத்தா தலையோட ஸ்நானம் பண்ணிட்டு வந்தாராம். 'புள்ளை சின்னது, நான்தான் நெருப்பு வெச்சேன்'னாராம். யாருக்குன்னு கடைசிவரைக்கும் சொல்லலை" என்றார்.

7-10-57
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில், "பித்ரு இலைக்குத் திருநாராயணனைக் கூப்பிடு" என்றார். சிராத்தத்தன்று அந்த இலையில் உட்காருகிறவர் இறந்தவராகவே ஆகிவிடுகிறார். அதற்குச் சம்மதிக்க எல்லோருக்கும் மனசு வராது. திருடனுக்காக, திருட்டுக் கொடுத்த வீட்டிலிருந்து எப்படிக் கூப்பிடுவது?

8-10-57
கூப்பிட்டேன். "வரேன்" என்றார்.

19-11-57
அப்பாவுக்கு இன்று பரவாயில்லை. கஞ்சி குடித்தார்.

26-11-57
அப்பா எழுந்து நின்றே எல்லாம் பண்ணினார், நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். திருநாராயணனின் காலை அவரே குனிந்து அலம்பினார். தளிகை சமைத்தது வத்ஸலா, ஒரு குறை இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும், திருப்தியா என்று கேட்கும் மந்திரத்தை வாத்தியார் எடுத்துக்கொடுத்தார். அப்பா அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, மந்திரத்தில் இல்லாததையும் கேட்டார்.

"அப்பா, திருப்தியா?"

வாத்தியார் திருத்தவில்லை. திருநாராயணன் இலையிலிருந்து நிமிர்ந்து, "பரம திருப்தி" என்றார்.

மத்தியானம் அப்பா இருமாமல் தூங்கினார்.